வாசலில் நிற்கிற சாகா 1,000 கி.மீ பந்தயம் ஓடுமா? சிப்பாங் எஸ்1கே-வுக்குப் பின்னால் இருக்கும் கதை

டெங்கிலில் இருந்து கே.எல்.ஐ.ஏ பக்கம் போகும் சாலையில், சில வார இறுதிகளில் ஒரு வேடிக்கையான காட்சியைப் பார்த்திருக்கலாம். இழுவை வண்டியின் முதுகில் ஒரு புரோட்டோன் சாகா, இல்லேன்னா ஹோண்டா சிட்டி. உடம்பு முழுக்க ஸ்டிக்கர், கதவில் பெரிய எண். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தா பின்சீட் இருக்காது, அந்த இடத்தில் இரும்புக் குழாய்களால் செய்த கூண்டு ஒன்று தெரியும். அது பட்டறைக்குப் போகிற கார் இல்லை. சிப்பாங் அனைத்துலகப் பந்தயத் தளத்துக்குப் போகிற கார்.

'சிப்பாங்' என்றதும் பலருக்கு ஃபார்முலா 1, மோட்டோ ஜிபி இரண்டும்தான் ஞாபகம் வரும். ஆனா அதே தளத்தில், நம்ம அப்பா ஓட்டுகிற மாதிரியான கார்களை வைத்து 1,000 கிலோமீட்டர் ஓடுகிற ஒரு பந்தயம் 2009-இல் தொடங்கியது. பெயர் சிப்பாங் 1000 கி.மீ, சுருக்கமா எஸ்1கே. வெளிநாட்டு நட்சத்திரங்கள் இல்லை, பெரிய விளம்பரமும் இல்லை. அதனாலேயே இது எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

'ஸ்டாக் கார்' என்றால்?

ஆங்கிலத்தில் 'ஸ்டாக்' என்று சொல்வது கடையில் விற்பனைக்கு இருக்கிற சரக்கை. அதாவது பந்தயத்துக்கென்றே தயாரிக்காமல், யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கக்கூடிய கார். அப்படிப்பட்ட கார்களை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வேரூன்றியது. மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள், போலீஸ் கையில் சிக்காமல் தப்பிக்க சாதாரண கார்களின் எஞ்சினையும் ஸ்பிரிங்கையும் ரகசியமா மாற்றினார்கள். வெளியே பார்த்தா குடும்பக் கார், உள்ளே வேறு ஆள். அவர்களில் சிலர் பிறகு பந்தயத்துக்கும் வந்தார்கள்.

1948-இல் பில் ஃபிரான்ஸ் என்பவரின் முயற்சியில் நாஸ்கார் அமைப்பு உருவானது. அடுத்த வருஷம், 1949 ஜூன் 19-ஆம் தேதி, சார்லட் நகரில் 'அப்பட்டமான கடைக் கார்' என்ற விதியோடு முதல் போட்டி. முதலில் வந்தவர் கிளென் டன்னவே. பந்தயம் முடிந்து காரைச் சோதித்தபோது பின்பக்க ஸ்பிரிங்கில் கை வைத்திருப்பது தெரிந்தது. சாராயம் ஏற்றும் கார்களில் செய்கிற அதே வேலை! அவரைத் தகுதி நீக்கம் செய்து, அடுத்து வந்த ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். இந்த விளையாட்டில் 'கடைக் கார் என்றால் எதுவரைக்கும் கடைக் கார்?' என்ற சண்டை முதல் நாளே ஆரம்பிச்சிருச்சு. இன்றைக்கும் அது ஓயவில்லை.

1959 பிப்ரவரி 22-இல் முதல் டேடோனா 500 நடந்தது. 500 மைல், அதாவது சுமார் 805 கி.மீ. கோட்டைத் தாண்டும்போது கார்கள் ஒட்டி வந்ததால், முதலில் ஜானி பியூச்சாம்ப் வென்றதாக அறிவித்தார்கள். படங்களையும் செய்திப் படச் சுருளையும் ஆராய்ந்த பிறகு, மூன்று நாள் கழித்து 'இல்லை, லீ பெட்டிதான்' என்று மாற்றினார்கள். அன்றிலிருந்து ஆண்டுதோறும் அதுதான் நாஸ்காரின் பெரிய திருவிழா. ஆனா இன்று அங்கே ஓடுகிற எந்த காரையும் நீங்கள் கடையில் வாங்க முடியாது. சட்டகம் தனி, எஞ்சின் தனி. பெயரும் முகச்சாயலும் மட்டும்தான் கடைக் காருடையது.

எஸ்1கே-வுக்கு நெருங்கிய சொந்தம் டேடோனா இல்லை, ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட். 1960-இல் ஃபிலிப் தீவில் 500 மைல் போட்டியாகத் தொடங்கி, 1963-இல் பாத்தர்ஸ்ட் மலைக்கு மாறி, 1973 முதல் 1,000 கிலோமீட்டராக நீண்டது. உள்ளூர் மக்கள் ஓட்டுகிற கார், உள்ளூர் ரசிகர்கள், ஒரு நாள் முழுக்க ஓட்டம். 'ஞாயிறு ஜெயிச்சா திங்கள் விற்கும்' என்று கார் கம்பெனிகள் நம்பிய காலம் அது.

பத்து தீகாவில் இருந்து சிப்பாங் வரை

மலேசியாவில் கார் பந்தயம் சிப்பாங்கில் பிறக்கவில்லை. 1962-இல் 'மலேசிய கிராண்ட் பிரி' என்ற பெயரில் போட்டி நடந்தது சிங்கப்பூரின் தாம்சன் சாலையில். சிங்கப்பூர் பிரிந்து போன பிறகு நமக்கென்று ஒரு தளம் தேவைப்பட்டது. 1968-இல் ஷா ஆலம் பக்கம் பத்து தீகா தளம் திறந்தார்கள். உங்க தாத்தா கிள்ளான் பக்கம் வளர்ந்தவர் என்றால் கேட்டுப் பாருங்க, ஒரு கதையாவது இருக்கும்.

அந்தத் தளத்துக்கு ஒரு கறுப்பு நாளும் உண்டு. 1977-இல் நடந்த விபத்தில், பந்தயம் பார்க்க வந்த சிறுவர்கள் உயிரிழந்தார்கள். தளம் மூடப்பட்டு, பிறகு மீண்டும் திறக்கப்பட்டது. 1985-இல் உலக ஸ்போர்ட்ஸ் கார் தொடரின் 800 கி.மீ போட்டி அங்கே நடந்தது, ஜேக்கி இக்ஸும் யோஹன் மாஸும் ஜெயித்தார்கள். 90-களில் உலக மோட்டார்சைக்கிள் போட்டியும் வந்தது. 2003-இல் தளம் மூடப்பட்டது, இன்று அந்தப் பக்கம் வீடுகள்.

அதற்குள் சிப்பாங் தயாராகிவிட்டது. 5.543 கி.மீ நீளம், 15 வளைவுகள், ஹெர்மன் டில்கே வடிவமைப்பு, 1999-இல் திறப்பு. விமான நிலையம் 1998-இல், புத்ராஜெயா அதே காலத்தில். இந்த வட்டாரம் அதற்கு முன்னால் செம்பனையும் ரப்பரும்தான். புத்ராஜெயா எழுந்த இடத்தில் இருந்த பிராங் பெசார் போன்ற தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாறின. தரைவீடு கேட்டு அவர்கள் நீண்ட காலம் போராட வேண்டியிருந்தது. இது பந்தயத் தளத்தின் கதை இல்லைதான். ஆனா அதே பத்தாண்டின் அதே அவசரம். டெங்கிலில் இருந்து எழுதும்போது இதைச் சொல்லாமல் தாண்டிப் போக மனசு வரலை.

1999 அக்டோபரில் முதல் ஃபார்முலா 1 போட்டி. எடி இர்வைன் வென்றார். 2017 அக்டோபர் 1-இல் கடைசிப் போட்டி, மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் வென்றார். ஒப்பந்தம் 2018 வரை இருந்தும் ஒரு வருஷம் முன்னாடியே முடித்துக்கொண்டார்கள். காரணம் சிக்கலானது இல்லை. ஆண்டுக்குச் சுமார் 30 கோடி ரிங்கிட் செலவு என்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது, டிக்கெட் விற்பனையோ சரிந்துகொண்டே போனது. 'திரும்ப வருமா?' என்ற கேள்வி வருஷா வருஷம் கிளம்புகிறது. ஆனா அதைவிட அவசியமான கேள்வி வேறு: திருவிழா போன பிறகு அந்தத் தளத்தை யார் பயன்படுத்துகிறார்கள்?

181 சுற்றுகள்

5.543 கிலோமீட்டரை 181 முறை சுற்றினால் 1,003 கி.மீ. எஸ்1கே அதுதான். ஒன்பது மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. 1.5 லிட்டர் கார் ஒன்று ஒரு சுற்றுக்கு 2 நிமிடம் 40 விநாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் மணிக்கு 125 கி.மீ-க்குக் கொஞ்சம் கீழே. 2017-இல் இதே தளத்தில் செபாஸ்டியன் வெட்டல் பந்தயத்தின்போது போட்ட வேகமான சுற்று 1 நிமிடம் 34 விநாடி, சராசரி 212 கி.மீ. அதோடு ஒப்பிட்டால் நம்ம கார் ஆமைதான். நெடுஞ்சாலை வரம்பான 110-ஐவிட 15 கி.மீ மட்டுமே கூட! ஆனா இதே வேகத்தில் நிற்காமல் ஓடினாலும் 181 சுற்றுக்கு எட்டு மணி நேரம் ஆகும். ஃபார்முலா 1 இங்கே ஓடியது 56 சுற்றுதான்.

அதனால் இங்கே ஜெயிப்பது வேகம் மட்டுமில்லை. டயர் எவ்வளவு நேரம் தாங்கும்? பிரேக் எப்போது களைத்துப் போகும்? பெட்ரோலை எத்தனை முறை நிரப்புவது? ஒரு காரை இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஓட்டுகிறார்கள். குழியில், அதாவது கார் நிறுத்திச் சரிபார்க்கும் இடத்தில், ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றால் கால் சுற்றுக்கு மேல் பின்னால் போய்விடும். அதைப் பிடிக்க, சுற்றுக்கு ஒரு விநாடி வேகமா ஓட்டினாலும் 60 சுற்று வேணும். ஒரு நட்டு சரியா மாட்டாமல் போனால் பிற்பகல் முழுக்கப் போச்சு. மெக்கானிக்குகளின் பந்தயம் என்று இதைச் சொன்னால் ஓட்டுநர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பிறகு நம்ம வானிலை. குளிர்சாதனம் இல்லாத கார், தீப்பிடிக்காத கனமான உடை, தலைக்கவசம். மத்தியானம் மூன்று நான்கு மணிக்கு மேல் மழை. 2009 ஃபார்முலா 1 போட்டியை ஐரோப்பிய டிவி நேரத்துக்காக மாலை 5 மணிக்கு ஆரம்பித்தார்கள். 31-ஆவது சுற்றுக் கணக்கோடு மழை அதை முடித்துவைத்தது. வென்ற ஜென்சன் பட்டனுக்குப் பாதிப் புள்ளிகள்தான் கிடைத்தன. அந்த மாலை மழையில்தான் ஒரு சாகா, தேய்ந்த டயரோடு, 120-ஆவது சுற்றில் 'இப்போ உள்ளே வரவா, இன்னும் ஒரு சுற்று போகவா' என்று முடிவெடுக்கணும்.

'ஸ்டாக்' என்ற சொல்லுக்கு நாஸ்காரைவிட இந்தப் பந்தயம்தான் நியாயம் செய்கிறது என்பது என் கருத்து. பாதுகாப்புக் கூண்டு, ஒற்றை சீட், பலமுனை பெல்ட், தீயணைப்பான் எல்லாம் கட்டாயம் சேரும், சஸ்பென்ஷன் மாறும். ஆனாலும் அடியில் இருப்பது தொழிற்சாலையில் இருந்து வந்த அதே கார்.

நம்ம ஆட்கள் யாராவது?

இருக்காங்க. கோலாலம்பூரின் கரம்ஜித் சிங் 2002-இல் புரோட்டோன் பெர்ட் காரில், அலன் ஓ துணை ஓட்டுநராக இருக்க, தயாரிப்புக் கார்களுக்கான உலக ராலி பட்டத்தை வென்றார். அதை வென்ற முதல் ஆசியர் அவர். சிப்பாங்கில் கோடிகள் புரண்ட அதே காலத்தில், கடைக் கார் வகையில் உலகப் பட்டம் கொண்டுவந்த மலேசியரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் சிப்பாங்கில் ஜோர்டான் காரில் 11-ஆவதாக வந்தார். அதே நரேன் 2010-இல் அமெரிக்கா போய் நாஸ்கார் டிரக் தொடரில் ஓட்டி, முதல் போட்டியில் 13-ஆவது இடம் பிடித்தார். அந்த வருஷம் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பிரபல ஓட்டுநரும் அவர்தான். ஸ்டாக் கார் உலகில் ஒரு தமிழர் பெயர் ஏற்கெனவே எழுதியாச்சு. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததும், நம்ம வாட்சப் குழுக்கள் முழுக்க ரேஸ் வீடியோவாகவே இருந்தது ஞாபகம் இருக்கும். நீண்ட நேரப் பந்தயம் என்றால் என்னவென்று பல வீடுகளில் அன்றைக்குத்தான் பேச்சு வந்தது.

சாலையா, தளமா?

நள்ளிரவில் நெடுஞ்சாலையில் 'யார் வண்டி வேகம்' என்று பார்ப்பது இங்கே புது விஷயம் இல்லை. மைவி பற்றிய மீம்ஸ் எல்லாம் சிரிக்க நல்லாத்தான் இருக்கு. சட்டம் சிரிக்காது. அனுமதி இல்லாமல் சாலையில் பந்தயம் நடத்துவதை 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 81-ஆவது பிரிவு தடை செய்கிறது. 42-ஆவது பிரிவின் கீழ் ஆபத்தாக வண்டி ஓட்டிய குற்றம் நிரூபணமானால் 5,000 முதல் 15,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை.

'அப்போ தளத்துக்குப் போ' என்று சொல்வது சுலபம். டயருக்கும் பெட்ரோலுக்கும் உடைக்கும் காசு யார் தருவது? சாதாரணக் காரை வைத்து ஓடும் பந்தயம் என்றாலும் அது சாதாரணச் செலவு இல்லை. நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு காரைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது நீண்ட நேரப் பந்தயத்தின் பெரிய நன்மை, ஆனா அந்த ஐந்து பேரும் முதலில் ஒரு பட்டறையையும் ஒரு ஸ்பான்சரையும் தேட வேண்டும். இங்கேதான் கார் கம்பெனி அணிகளுக்கும் சொந்தக் காசில் வரும் அணிகளுக்கும் இடையே உள்ள தூரம் தெரியும். ஃபார்முலா 1-க்குப் போன பணத்தில் ஒரு சின்னப் பங்கு இந்த மாதிரிக் கீழ்மட்டப் போட்டிகளுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பதில் தப்பில்லை.

ஓட்டுவதற்குக் காசு இல்லை, ஆனா உள்ளே போய்ப் பார்க்கணும் என்றால் வேறு கதவும் உண்டு. வளைவுகளில் கொடி பிடித்து நிற்கும் மார்ஷல்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள், பயிற்சி கொடுத்துத்தான் நிறுத்துகிறார்கள். பந்தயம் ஓட்டும் உரிமத்துக்கு மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கத்தைக் கேட்க வேண்டும். சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கும் திறந்த நாட்களையும் சிப்பாங் தளம் அவ்வப்போது அறிவிக்கிறது. போவதற்கு முன் பிரேக் எண்ணெயை மாற்றிடுங்க. நெடுஞ்சாலையில் ஒரு வருஷத்தில் மிதிக்கிற அளவுக்கு அங்கே ஒரே காலையில் பிரேக் மிதிப்பீங்க.