பொம்மைப் புத்தகம்

பொம்மையார்பாளையத்தில் வாசம் செய்யும் நாம் பொம்மைப் புத்தகத்தைப் பற்றிப் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது? "படிக்கிற பிள்ளையைக் கெடுக்க வந்த சரக்கு" என்று சித்திரக் கதைகளைக் கண்டு முகம் சுளிக்கும் பெற்றோர் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டும்.

1972-ஆம் வருஷம் சிவகாசியில் ஸ்ரீ எம். சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். இரும்புக்கை மாயாவி என்னும் ஆங்கிலேயக் கதாநாயகன் தமிழ் பேசிக்கொண்டு அவ்வூர் அச்சகத்திலிருந்து புறப்பட்டான். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1984 ஜூலையில், அவருடைய குமாரர் ஸ்ரீ எஸ். விஜயன் லயன் காமிக்ஸின் ஆசிரியரானார். அப்போது அவருக்குப் பிராயம் 17! அந்த வயதுப் பிள்ளைகள் வினாத்தாளைக் கண்டு நடுங்குவதைத்தான் நாம் பள்ளிக்கூடத்தில் தினந்தோறும் பார்க்கிறோம்.

ஏற்றுக்கொண்ட வேலையோ லேசானதன்று. இத்தாலியின் டெக்ஸ் வில்லரும், பெல்ஜியத்தின் லக்கி லூக்கும் தமிழ்நாட்டுச் சிறுவனுக்கு விளங்கும்படி பேச வேண்டும். அந்நிய பாஷைக்கென்று அளவெடுத்து வரைந்த சிறு வட்டத்துக்குள் நம்முடைய நீண்ட சொற்கள் அடங்கவும் வேண்டும். ஹாஸ்யமும் உதிர்ந்து போகக் கூடாது. நடுவில் இதழ்கள் தவறித் தவறி வந்த சோதனைக் காலமும் உண்டு. ஆயினும் 2010-இல் 'ரத்தப் படலம்' கதையின் 18 பாகங்களை ஒரே தொகுதியாகக் கொண்டுவந்தார்; 2012-இல் பத்திரிகைக்குப் புத்துயிர் தந்து, வண்ணத்திலும் அச்சிட்டார்.

"எல்லாம் சரி, நம் குழந்தைகளுக்கு அந்நிய வீரர்கள் எதற்கு?" என்று தேசாபிமானிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஸ்ரீ அனந்த் பை என்பவரும் இதையே கேட்டார். டில்லியில் நடந்த வினாவிடைப் போட்டியில் கிரேக்கப் புராணம் அறிந்த மாணவர்களுக்கு ஸ்ரீ ராமனின் தாயார் பெயர் தெரியவில்லை. அதைக் கண்டு வருந்தி, 1967-இல் அமர் சித்திர கதையைத் தொடங்கினார். அரிய தொண்டு, ஐயமில்லை. ஆனால் அந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் விற்பனையானது எந்தப் பாஷையில்? இங்கிலீஷில்!

ஆக, ஒருவர் நம் வீரர்களை அந்நிய பாஷையில் தந்தார். மற்றொருவர் அந்நிய வீரர்களை நம் பாஷையில் தந்தார். முன்னதைப் படித்த குழந்தை கௌசல்யையை அறிந்துகொண்டது. பின்னதைப் படித்த குழந்தையோ, யாரும் பிரம்பைக் காட்டாமலே, தமிழை எழுத்துக் கூட்டி, மறுநாளும் படிக்க ஆசைப்பட்டது. பாடப் புத்தகத்துடன் தினமும் மன்றாடும் நாம் இந்த ஆசையின் அருமையை அறிவோம். தமிழ் படிக்கும் வழக்கம் ஒழிந்துபோனால், நம் வீரர்களின் சரித்திரத்தைத் தமிழில் எழுதிவைத்து யாருக்குப் பிரயோசனம்?

நம் கதைகளை நம் சித்திரக்காரர்கள் வரைந்து, நம் பாஷையிலேயே மாதந்தோறும் வெளியிடும் காலம் வர வேண்டும். 'பூந்தளிர்' ஆசிரியர் வாண்டுமாமா அதற்குப் பாதை காட்டியிருக்கிறார். அதுவரை, பிள்ளை கேட்டால் சிவகாசிப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அவன் தூங்கிய பிறகு, யாரும் பார்க்காதபோது, நீங்களும் ஒரு தரம் புரட்டிப் பாருங்கள்!