பந்து கோட்டைத் தாண்டிருச்சு… ஆனா கோல்! இந்திய ஃபுட்பாலுக்கு எப்போ வரும் விஏஆர்?

ரெண்டு செருப்பை வெச்சு கோல் போஸ்ட் ஆக்கி ஃபுட்பால் ஆடியிருக்கீங்களா? அப்போ இந்தச் சண்டை உங்களுக்குப் பழக்கம்தான்.

"ஏலே, பந்து வெளிய போயிட்டுல!"

"எங்கல போச்சு? மொதல்ல கோடு எங்க இருக்குன்னு காட்டு!"

தூத்துக்குடியிலிருந்து நெல்லை போற ரோட்டுல வர்ற நம்ம புதுக்கோட்டையில (மாவட்டத் தலைநகர் புதுக்கோட்டைன்னு நினைச்சு திருச்சி பக்கம் பஸ் ஏறிடாதீங்க) சாயங்கால ஆட்டத்துல பாதி நேரம் இதுலயே போயிடும். யார் சத்தமா கத்துறாங்களோ, அவங்க பக்கம்தான் தீர்ப்பு. அங்கே கோடும் கிடையாது, கேமராவும் கிடையாது. அதனால பரவாயில்ல.

ஆனா, கோடும் கேமராவும் இருந்த மைதானத்துல, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றுல இது நடந்தா?

2024 ஜூன் 11, தோஹா. கத்தாருக்கு எதிரா 37-வது நிமிஷத்துல சாங்டே அடிச்ச கோலால் இந்தியா 1-0 என முன்னிலை. இப்படியே முடிஞ்சா மூன்றாவது சுற்று. கூடவே 2027 ஆசியக் கோப்பைக்கும் நேரடி டிக்கெட். 73-வது நிமிஷம், ஃப்ரீ கிக்கில் வந்த பந்தைத் தலையால் முட்டுறார் கத்தாரின் யூசுஃப் அய்மன். குர்ப்ரீத் தடுக்கிறார். பந்து உருண்டு கோல் கோட்டுக்கு வெளியே போயிடுது. நம்ம ஆட்கள் ஆட்டம் நின்னுடுச்சுன்னு நினைக்கிறாங்க. ஒரு கத்தார் வீரர் அந்தப் பந்தைக் காலால் உள்ளே இழுக்க, அய்மன் வலைக்குள் தள்ளிட்டார். ரெஃப்ரி கோல் கொடுத்துட்டார்.

ரீப்ளேல கோடிக்கணக்கான பேர் பார்த்தோம். பார்க்க முடியாத ஒரே ஆள் ரெஃப்ரிதான். ஏன்னா, ஆசியத் தகுதிச்சுற்றின் அந்தக் கட்டத்துல விஏஆர் கிடையாது. 85-வது நிமிஷத்துல இன்னொரு கோல் வாங்கி 2-1 எனத் தோத்தோம். அந்த முதல் கோலைக் கொடுக்காம இருந்திருந்தா கண்டிப்பா ஜெயிச்சிருப்போமான்னு கேட்டா, சொல்ல முடியாது. ஆனா, அதுக்கப்புறம் ஆசியக் கோப்பைக்குத் தனித் தகுதிச்சுற்று ஆட வேண்டியதாகி, 2025 அக்டோபர் 14 அன்னிக்கு கோவாவில் சிங்கப்பூர்கிட்ட தோத்து அந்தக் கதவும் மூடிருச்சு.

சரி, விஏஆர் வந்தா எல்லாம் சரியாயிடுமா? அங்கதான் சிக்கல்.

2023 மார்ச் 3, ஐஎஸ்எல் பிளே-ஆஃப் ஞாபகம் இருக்கா? கேரளா பிளாஸ்டர்ஸ் தடுப்புச் சுவர் கட்டிட்டு இருக்கும்போதே பெங்களூருவின் சுனில் சேத்ரி சட்டுனு ஃப்ரீ கிக் அடிச்சு கோல் ஆக்கினார். கேரளா டீம் மைதானத்தை விட்டே வெளியேறுச்சு. அதுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச் இவான் வுகோமனோவிச்சுக்கு 10 மேட்ச் தடை. விஏஆர் இருந்திருந்தாலும் இந்தச் சண்டை தீர்ந்திருக்காது. பந்து கோட்டைத் தாண்டுச்சாங்கிறது கண்ணால் பார்க்கிற விஷயம். சீக்கிரமா அடிக்க விடலாமாங்கிறது ரெஃப்ரியோட முடிவு. முதலாவதுக்குத்தான் கேமரா பதில் சொல்லும்.

வேடிக்கை என்னன்னா, அதே மார்ச் 3-ல், 2018-ல்தான் ஃபுட்பால் விதிகளை வகுக்கிற ஐஎஃப்ஏபி விஏஆருக்கு அதிகாரபூர்வ அனுமதி கொடுத்துச்சு.

இங்கிலாந்துல இப்போ வேற புலம்பல். அக்குள் அளவுக்கு ஆஃப்சைடு பார்க்கிறாங்க, கோல் அடிச்சா கொண்டாடவே முடியலைன்னு. 2023 செப்டம்பரில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடிச்சது நல்ல கோல்னு விஏஆர் அறையில் கண்டுபிடிச்சும், மைதானத்துல கோல் கொடுத்துட்டாங்கன்னு தப்பா நினைச்சு "செக் முடிஞ்சது"ன்னுட்டாங்க. கோல் காலி! ஸ்வீடன் ரசிகர்கள் எங்களுக்கு இதுவே வேணாம்னு தடுத்தே வெச்சிருக்காங்க. அது சாப்பிட்டு முடிச்சவங்க உப்பு கூடிப்போச்சுங்கிற கதை. நமக்கு இலையே போடலை.

2023-ல் அகில இந்திய கால்பந்து சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபே, செலவு கம்மியான 'விஏஆர் லைட்' பத்திப் பேசினார். 2024-25 ஐஎஸ்எல் சீசனும் அது இல்லாமலே முடிஞ்சது. அடுத்த சீசன் நடக்குமான்னே கிளப்கள் கவலைப்பட்டப்போ, கேமராவைப் பத்தி யார் கேட்கப் போறா?

என் ஓட்டு இன்னொண்ணுக்கு. 2024-ல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்கு உட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் ஃபிஃபா 'ஃபுட்பால் வீடியோ சப்போர்ட்'டை சோதிச்சுப் பார்த்துச்சு. கிட்டத்தட்ட கிரிக்கெட் டிஆர்எஸ் மாதிரி. ஒரு டீமுக்கு ரெண்டு சான்ஸ், கோச் கேட்கணும். கேட்டது சரின்னா சான்ஸ் குறையாது. தனி அறை, தனி வீடியோ ரெஃப்ரி எதுவும் வேணாம். மைதானத்துல இருக்கிற ரெஃப்ரியே மானிட்டரைப் பார்த்து முடிவு சொல்வார். ஆஃப்சைடை மில்லிமீட்டர்ல அளக்க இது லாயக்கில்லைதான். வெளியே போன பந்தைக் காட்ட இது போதும்.

தோஹாவில் நம்ம கோச் இகோர் ஸ்டிமாச் கையில் அப்படி ஒரு சான்ஸ் இருந்திருந்தா, 73-வது நிமிஷத்துலயே கேட்டிருப்பார். ஆறு நாள் கழிச்சு அவரை வேலையை விட்டே அனுப்பிட்டாங்க.