முடிவில்லாத முடிவுரைகள்

நமது கட்டுரைகளின் கடைசிப் பந்திகளை மட்டும் வெட்டி அடுக்கினால் ஒரே ஆள் எழுதியவை போலிருக்கும். "சமூகம் சிந்திக்குமா?" என்று ஒருவர் கேட்பார். "காலம்தான் பதில் சொல்ல வேண்டும்" என்று இன்னொருவர் கைகழுவுவார். மூன்றாமவர் துஆவோடு எழுந்துவிடுவார். துஆவை நான் குறை சொல்லவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நமது. கயிற்றையே தொடாமல் எழுந்து போவதைத்தான் குறை சொல்கிறேன்.

இந்த நோயைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன். ஆசிரியர் கலாசாலையிலிருந்து கொண்டுவந்த வாய்பாட்டை இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு ஊட்டியிருக்கிறேன். "எனவே மேற்கூறியவற்றிலிருந்து" என்று தொடங்கிச் சொன்னதையே திருப்பிச் சொன்னால் முடிவுரை; இல்லாவிட்டால் புள்ளி இல்லை.

சில வருடங்களுக்கு முன் தரம் 11 மாணவி ஒருத்தி, எங்கள் ஊர் வாய்க்காலுக்கு மதகு வேண்டுமென்று கட்டுரை எழுதினாள். மாரியில் தண்ணீர் இடுப்பளவு வருவதையும், சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வராமல் நின்றுவிடுவதையும் ஒழுங்காகச் சொல்லியிருந்தாள். முடிவில் இப்படி எழுதினாள்: "சேர், நாளைக் காலை ஆறரைக்கு வாய்க்காலடிக்கு வாருங்கள். ராத்தாவின் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு நான் கடப்பதைப் பாருங்கள். பிறகு மனுவில் முதல் கையெழுத்தை நீங்கள் போடுங்கள்."

நான் சிவப்புப் பேனாவால் கோடிழுத்து, 'முடிவுரை இல்லை' என்று எழுதினேன். வாய்க்காலடிக்கும் போகவில்லை.

அடுத்த வருடம் ஊரார் என்னிடமே மனு எழுதக் கேட்டார்கள். இரண்டு பக்கம் எழுதி, "ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்" என்று முடித்தேன். "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. அந்த அலுவலகத்தை நோக நியாயமில்லை. எதை, யார், எப்போது செய்ய வேண்டுமென்று நான் சொல்லவே இல்லையே! இரண்டாவது மனுவை அந்தப் பிள்ளை காட்டிய வழியில் முடித்தேன்: இந்தத் திகதியில், இந்த நேரத்தில் வந்து பாருங்கள், மாரிக்கு முன் குழாய் பதியுங்கள். அளவு நாடாவோடு ஒருவர் வந்தார். மதகு இன்னும் வரவில்லை. ஆனால் அளந்து போயிருக்கிறார்கள். இனி இல்லையென்று சொல்ல முடியாது.

பரீட்சைக்கு இது சரிவராது என்பார்கள் என் சகபாடிகள். 'எனவே' என்ற சொல்லுக்குப் புள்ளி கொடுக்கும் திட்டத்தை நான் கண்டதில்லை. முடிவுரையில் புதுவாதம் கூடாது என்பது சரியான விதி. ஆனால் சொன்ன வாதத்தின் பாரத்தை வாசிப்பவன் கையில் வைப்பது புதுவாதமல்ல. அதற்காகத்தானே அத்தனை பந்தி எழுதினோம்!

சித்தி லெவ்வை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கிக் கல்விக்காக எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. வாப்பிச்சி மரைக்கார் போன்றோர் தோள்கொடுக்க, ஒறாபி பாஷாவின் ஆதரவோடு 1892 இல் மருதானையில் இன்றைய ஸாஹிராவின் தொடக்கமான மத்ரஸா எழுந்தது. அந்தக் கட்டுரைகளுக்கு முடிவுரை கட்டடமாக நிற்கிறது. 'சமூகம் சிந்திக்குமா' என்று கேட்டுவிட்டு அவர் போர்த்துப் படுத்திருந்தால் நாம் எங்கே நின்றிருப்போம்?

இந்த இதழில் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கட்டுரையைத் தபாலில் சேர்க்குமுன் கடைசிப் பந்தியைக் கையால் மறைத்துக்கொண்டு வாசியுங்கள். எதுவும் குறையாவிட்டால் அதை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில், யார் எதை என்றைக்குள் செய்ய வேண்டும் என்று ஒரு வசனம் எழுதுங்கள். அந்த 'யார்' நீங்களாக இருந்தால், அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.