ஆஞ்சானுக்குக் கம்பிவடம் வேண்டுமா?

பாய்மரத்தின் உச்சிவரை பாயை ஏற்றி நிறுத்தும் கயிற்றுக்குத் தமிழ் அகராதிகள் தரும் பெயர் ஆஞ்சான். ஆங்கிலத்தின் ‘ஹாலியார்ட்’ என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘யார்ட்’ பின்னால் நேர்ந்த மயக்கம். மூலச்சொல்லான ‘ஹாலியர்’ இழுப்பது என்ற பொருளை மட்டுமே கொண்டிருந்தது. சொல்லாராய்ச்சியை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். நெடும்பயணப் பாய்ப்படகின் ஆஞ்சான் எஃகுக் கம்பிவடமாக இருக்க வேண்டுமா, கயிறாக இருக்க வேண்டுமா என்பதே இங்குப் பேசவந்தது. கயிறே என்பது என் முடிவு.

கம்பிவடத்தின் தரப்பில் ஒரு காலத்தில் வலுவான நியாயம் இருந்தது. காற்று வலுக்கும்போது கயிறு நீளும். நீண்டால் பாயின் முன்விளிம்பு தளரும். பாயின் குழிவு பின்னோக்கி நகரும். படகு மேலும் சாயும். சுக்கான் கைக்கு அடங்காது. முன்னேற்றத்துக்கு உதவ வேண்டிய காற்று சாய்ப்பதிலேயே செலவாகும். எனவே சுமை தாங்கும் பகுதிக்குக் கம்பிவடமும், விஞ்சில் சுற்றிக் கையால் பிடிக்கும் பகுதிக்குக் கயிறுமாக இரண்டையும் இணைத்தார்கள். அந்த இணைப்புதான் முதல் சிக்கல். கம்பியையும் இழையையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துப் பின்னுவது தேர்ந்த கைகளுக்கே வரும். வடத்தில் ஓர் இழை அறுந்து நிமிர்ந்து நின்றால் உள்ளங்கையைக் கிழிக்கும். அலுமினியப் பாய்மரத்தின்மீது எஃகு உரசும் இடமெல்லாம் தேயும். முனையை நெருக்கிப் பிடித்த உலோகக் குப்பிக்குள் துரு வளர்வதை வெளியிலிருந்து காண வழியில்லை.

இன்று நிலைமை வேறு. டைனீமா போன்ற பாலிஎத்திலீன் இழைக்கயிறு, அதே வலிமையுள்ள எஃகு வடத்தின் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். உச்சியில் குறையும் ஒவ்வொரு கிலோவும் படகின் நிமிர்வுக்கு உதவும். குறைகளும் உண்டு. வழுவழுப்பால் முடிச்சு நழுவும், ஆகவே முனையைக் கோத்துப் பின்னியே கண்ணி அமைக்க வேண்டும். ஏறத்தாழ 145 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இடைவிடாத இழுப்பில் மெல்ல மெல்ல நீளவும் செய்யும். சுருள்பாயை மாதக்கணக்கில் ஏற்றியே வைத்திருப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். கம்பியை விரும்புவோருக்கு நான் விட்டுக்கொடுக்கும் இடம் இது ஒன்றே. முப்பது அடிப் படகில் டேக்ரான் பாயுடன் நிதானமாகச் செல்பவருக்கு டைனீமாகூடத் தேவையில்லை. பாயே சற்று நீளும்போது ஆஞ்சானை மட்டும் அசையாமல் நிறுத்தி என்ன பயன்? நல்ல பாலியெஸ்டர் கயிறு போதும்.

என் முடிவுக்கு அடிப்படை நீட்சி பற்றிய கணக்கு மட்டும் அன்று. 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்ட ஐஎன்எஸ்வி தாரிணியில் இருந்தவர்கள் இருவரே: தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. ஃப்ரீமாண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் வழியாக உலகைச் சுற்றி 2025 மே இறுதியில் திரும்பினார்கள். லிட்டல்டனுக்கும் போர்ட் ஸ்டான்லிக்கும் இடையே உள்ளது தென் பசிபிக்கும் ஹார்ன் முனையும். உதவிக்கு அழைக்க அருகில் எவரும் இல்லாத வாரங்கள் அவை. அத்தகைய கடலில் ஆஞ்சான் அறுந்தால், இருப்பதைக் கொண்டு சரிசெய்தாக வேண்டும். கம்பிவடத்தின் முனைக்கு உலோகக் குப்பியும் அதை நெருக்கும் கருவியும் வேண்டும். கயிற்றுக்கு ஒரு கத்தியும் கோப்பூசியும் போதும். தேய்ந்த முனையை ஒரு சாண் வெட்டிப் புதிதாகப் பின்னினால், கப்பியில் உரசும் இடம் மாறி கயிறு மறுபடி உழைக்கும். தலைகீழாக மாற்றிக் கட்டவும் முடியும்.

மாற்ற விரும்புவோர் முதலில் பாய்மர உச்சிக்கு ஏறிக் கப்பியைப் பார்க்க வேண்டும். கம்பிக்கெனக் குறுகலாக வெட்டிய பள்ளத்தில் கயிற்றை ஓடவிட்டால் விளிம்பு அதை விரைவில் அரித்துவிடும். பல்லாண்டு கம்பி ஓடிய சக்கரத்தில் கூரிய பிசிறுகளும் இருக்கும். அகன்ற, வழுவழுப்பான பள்ளமுள்ள புதிய சக்கரத்தைப் பொருத்தியபின் கயிறு வாங்குவதே முறை. பலர் கயிற்றுக்குச் செலவழித்துவிட்டுச் சக்கரத்தில் சிக்கனம் பார்க்கிறார்கள்.