ஓதம் ஏறும் மாதங்களில் வெள்ளாடுகள்



மார்கழி பிறந்துவிட்டால் நம்முடைய சொந்த ஊர்களில் ஆட்டுத் தொழுவத்தின் வேலையே மாறிவிடும். பனி இறங்குமுன் குட்டிகளைக் கூடையால் கவிழ்த்து மூடுவதும், விடிந்தபின் பனி உலர்ந்த பிறகே மந்தையை அவிழ்ப்பதும் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தரவேண்டிய காரியங்கள் அல்ல. கொச்சிக்கு வந்த பின்போ, "இங்கே என்ன குளிர் இருக்கிறது ஐயா?" என்று சிரிக்கிறோம். உண்மைதான். தை மாதத்து இரவிலும் இங்கே வெப்பம் அதிகமாகக் கீழே இறங்குவது அரிது. ஆனாலும் கார்த்திகை முதல் தை வரையிலான இம்மாதங்களிலேதான் மேற்குக் கொச்சியில் ஆடு வளர்க்கும் நம் விசுவாசிகள் வீட்டில் நோயும் நஷ்டமும் அதிகமாக வருவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இங்கே குளிர்காலம் வானத்திலிருந்து வருவதில்லை. தரைக்குக் கீழேயிருந்து உப்புநீராக ஏறி வருகிறது.

மலையாளிகள் இதை விருச்சிக வேலியேற்றம் என்பார்கள். விருச்சிகம் என்பது நம்முடைய கார்த்திகை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் உயர்வது எல்லாக் கடற்கரையிலும் உள்ளதுதான். ஆனால் நம் மேற்குக் கரையில் கடல்மட்டம் ஆண்டு முழுவதும் ஒன்றுபோல நிற்பதில்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அது தாழ்ந்திருக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கித் திரும்புகையில் உயர்ந்து நிற்கும். உயர்ந்த கடலின்மேல் பௌர்ணமி ஓதமும் சேர்ந்தால் காயல் நிரம்பி, மண் தூர்ந்துபோன கால்வாய்கள் வழியாக நீர் பின்னோக்கி ஓடிவருகிறது. ஆகவேதான் ஒரு சொட்டு மழையில்லாத நாளிலே இடக்கொச்சி, பெரும்படப்பு, கும்பளங்கி, எடவனக்காடு ஆகிய இடங்களில் வீட்டு முற்றத்தில் முழங்கால் அளவு நீர் நிற்கிறது. சில மணி நேரத்தில் வடிந்துவிடும். மறுநாள் மீண்டும் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் மாதத்தில், நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி விடியற்காலையிலே தொலைபேசியில் அழைத்தார்கள். கணவரை இழந்தவர்கள், மட்டாஞ்சேரியில் ஒரு கிட்டங்கியில் சுக்கு தெரிந்தெடுக்கும் வேலை. இடக்கொச்சிப் பக்கம் கால்வாயோரத்தில் இரண்டு சென்ட் இடத்தில் வீடு. நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு தலைச்சேரி ஆடுகளும் சமையலறைத் திண்ணையின்மேல் நின்றன. சகோதரி அவற்றைப் பிடித்துக்கொண்டு நீரில் நின்றார்கள். இரண்டுமே சினை. பெரியதின் குட்டிகளை விற்றுத்தான் மகளுடைய நர்ஸிங் படிப்புக்கு அந்த ஆண்டுக் கட்டணம் கட்டவேண்டும் என்று முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்கள். வங்கியில் பணமில்லாத வீட்டில் ஆடே வங்கி என்பதை நம்மில் பலர் அனுபவத்தில் அறிவோம்.

"தை மாசம் ஈனும் ஐயா, அதுவரைக்கும் தண்ணி விடணுமே" என்றார்கள். நான் ஜெபித்துவிட்டு வந்தேன். ஒரு பலகை கொண்டுபோய்ப் போடவேண்டும் என்று எனக்குத் தோன்றாமற்போனதை இன்றும் வெட்கத்தோடே நினைக்கிறேன்.

அந்தப் புத்தாண்டு ஆராதனைக்குப் பின் நடந்த ஐக்கிய விருந்தில் நெய்ச்சோறு ஏராளமாக மீந்துபோயிற்று. வீணாகக் கூடாதென்று ஒரு பெரிய பாத்திரம் நிறைய எடுத்துக்கொண்டு நானே அந்தச் சகோதரி வீட்டுக்குப் போனேன். அவர்கள் சபையிலே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெரிய ஆடு பசியோடு கத்தியது. ஓதநீர் ஏறியதால் முற்றத்துப் புல்லெல்லாம் கருகியிருந்தது. பரிதாபப்பட்டுப் பாதிச் சோற்றைத் தொட்டியில் கொட்டினேன். நொடியில் தின்றுவிட்டு என் கையை நக்கியது. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு வீடு திரும்பினேன்.

அன்று இரவே அசைபோடுவதை நிறுத்திவிட்டது. மறுநாள் பல்லை நெறுநெறுவென்று கடித்துக்கொண்டு தள்ளாடியது. வயிற்றைத் தொட்டால் தோல்பையில் தண்ணீர் குலுங்குவது போன்ற சத்தம். அரசு கால்நடை மருத்துவர் வந்து முதல் கேள்வியாக, "சோறு கொடுத்தீர்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது. மூன்றாம் தேதி காலையில் அது செத்தது. வயிற்றில் இரண்டு குட்டிகள் இருந்தன.

பிற்பாடு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஆட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் அறை, புல்லையும் இலையையும் நொதிக்கச் செய்கிற நுண்ணுயிர்கள் நிறைந்த ஒரு பெரிய பானை. இலையிலுள்ள நார் மெதுவாகக் கரையும்; அந்த உயிர்கள் அதற்கே பழகியவை. வெந்த சோறு, கஞ்சி, மாவு, பலகாரம் இவை ஒரேயடியாக உள்ளே போனால், மாவுச்சத்தைத் தின்கிற வேறு வகை உயிர்கள் பெருகி, பானை முழுவதையும் அமிலமாக்கிவிடும். அந்த அமிலம் உடம்பிலுள்ள நீரையெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கும், இரத்தமும் புளிக்கும். வயிறு நிறைய நீர் இருக்க, ஆடு நீர் வற்றிச் சாகிறது. முதல் சில மணி நேரத்தில் தெரிந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, மருத்துவர் சொல்லும் அளவில் புகட்டிக் காப்பாற்ற வழியுண்டு. ஒரு இரவு கடந்தால் மிகவும் கடினம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, கலியாண வாரங்களில் இப்படிப்பட்ட ஆடுகளே தம்மிடம் அதிகம் வருகின்றன என்றார். பஜார் ரோட்டில் சாக்கையும் சுவரொட்டியையும் தின்று திரிகிற ஆடுகளைப் பார்த்து, ஆடு எதையும் தாங்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவற்றின் வயிற்றை அறுத்துப் பார்த்தவர்கள் பிளாஸ்டிக் பைகளை எடுத்ததைச் சொல்லக் கேட்டால் அந்த எண்ணம் போய்விடும்.

யாக்கோபு லாபானிடத்தில் கணக்குச் சொல்லுகிற இடத்தை வேதத்தில் வாசித்திருப்பீர்கள். பகலில் வெயிலும் இரவில் குளிரும் தன்னை வாட்டியதையும், சேதமானதைத் தானே ஈடுகட்டியதையும் சொல்லுகிறார். அதைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கம் செய்தவன் நான். ஆட்டின் விலையைக் கவரில் வைத்துக் கொண்டுபோனேன். சகோதரி வாங்க மறுத்து, "ஐயா, பணம் செலவாயிரும். மத்த ஆட்டுக்கு ஒரு பரண் அடிச்சுத் தாங்க" என்றார்கள். பணத்தை மகளிடம் கட்டணத்துக்கென்று கொடுத்தேன்; மீதியைச் சபையார் கடனாகக் கொடுத்தார்கள். பரணை நம் வாலிபர்கள் அடித்தார்கள்.

அதன் விவரத்தைச் சொல்லுகிறேன், வேண்டியவர்களுக்கு உதவும். தரையிலிருந்து நான்கு அடி உயரம். கால்கள் சிமெண்ட் குழாய்க்குள் கலவை ஊற்றியவை. மரக்கால் உப்புநீரில் நிற்காது. தளத்துக்குக் கமுகு மரத்தைப் பிளந்து வரிச்சலாக அடித்தோம். வரிச்சலுக்கு வரிச்சல் ஒரு விரல் இடைவெளி இருந்தால் புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும். அதற்கு மேல் அகன்றால் குட்டியின் கால் சிக்கி ஒடியும். ஒரு பெரிய ஆட்டுக்குப் பத்து முதல் பதினைந்து சதுர அடி போதும். காற்று வரும் பக்கத்தில் இரவில் சாக்குப் படுதா. ஆனால் கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்தே இருக்கவேண்டும். முழுவதும் மூடினால் மூத்திர நெடி நெஞ்சில் ஏறி, குளிரால் வருமென்று நாம் பயந்த சளி அதனாலேயே வந்துவிடும். கொசுவுக்குப் புகை போடுகிறவர்களும் படுதாவைச் சுருட்டிய பிறகே போடுங்கள்.

இந்த மாதங்களில் தீவனம் பெரிய கவலை. உவர்நீர் ஏறிய இடத்தில் புல் கருகும். பலா இலையைப் போல ஆடு விரும்புவது வேறில்லை. சீமைக்கொன்னையும் அகத்தியும் நல்லவை. கொப்பாகக் கட்டித் தலைக்கு மேலே தொங்கவிடுங்கள். தரையில் போட்டு மிதித்ததை ஆடு தின்னாது. மரவள்ளி இலையைப் பச்சையாகப் போடவேண்டாம். அதில் விஷம் உண்டு, நன்றாக வாடவிட்டுக் கொஞ்சமாகக் கொடுக்கலாம். குடிக்கக் குழாய்த் தண்ணீரே வையுங்கள். ஈரத்தில் நின்ற ஆடு நொண்டினால் குளம்பின் நடுவே முகர்ந்து பாருங்கள்; அழுகல் நாற்றம் தெரியும். வளர்ந்த குளம்பைச் சீவி, மயில்துத்தக் கரைசலில் சற்று நேரம் நிறுத்தவேண்டும். அந்த நீரைக் குடிக்க விட்டுவிடாதீர்கள். குட்டி பிறந்தால் துடைத்து உலர்த்தி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கச் செய்யுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசி நான்காம் மாதத்தில். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

ஒன்று நமக்காக. தேங்கிய நீரில் எலியின் மூத்திரம் கலந்திருக்கும். கால் புண்ணோடு அதில் இறங்கித் தொழுவம் கழுவினால் எலிக்காய்ச்சல் வரலாம். 2018ஆம் ஆண்டு வெள்ளத்தில் சுகாதாரத் துறையினர் டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தது இதற்காகவே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் காலணி போடுங்கள்.

ஓதம் வரும் நாளை அறிவதற்கு அமாவாசை, பௌர்ணமி தெரியவேண்டும். நம் வீடுகளில் தொங்கும் வசன நாட்காட்டியில் அவை இராது. கடைக்காரர் கொடுக்கும் நாட்காட்டியைப் பார்ப்பதற்குச் சிலர் தயங்குகிறார்கள். நல்ல நாள் பார்ப்பது வேறு, நீர் ஏறும் நாள் பார்ப்பது வேறு என்று சபையிலும் சொல்லியிருக்கிறேன். அந்த நாளுக்கு முந்தின மாலையிலேயே பரணுக்குக் கீழேயுள்ள எருவை அள்ளி மேட்டில் குவித்துவிடுங்கள்; மாடித்தோட்டக்காரர் விலைக்கு வாங்குவார்கள்.

அந்தச் சகோதரியின் சின்ன ஆடு, பரண் அடித்து மூன்று வாரம் கழித்து ஈன்றது. ஒரே குட்டி. தை பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். முற்றத்தில் நீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. பரணுக்குக் கீழே தேங்காய் மட்டை ஒன்று மிதந்தது. மேலே தாய் பலாக் கொப்பை இழுத்துக்கொண்டிருக்க, குட்டி அதன் மடியை முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. நான் கையில் எதுவும் கொண்டுபோயிருக்கவில்லை. சகோதரி அதைக் கவனித்துச் சிரித்துவிட்டு, எனக்குத் தேநீர் போட உள்ளே போனார்கள்.