திரும்பி வரும் வழியையும் பார்த்து...

துபாயில் வேலை கிடைத்த குடும்பத்தில் முதலில் நடப்பது சம்பளப் பேச்சு. அடுத்தது வீட்டு வாடகை. குழந்தைகளின் பள்ளி மூன்றாவதாகத்தான் வருகிறது. அதுவும் விசா கைக்கு வந்த பிறகு, ஏற்கெனவே அங்கிருக்கும் நண்பருக்கு ஒரு போன். "நம்ம ஆட்கள் எல்லாம் எங்கே சேர்க்கிறார்கள்?" இந்த ஒரே கேள்வியில் பத்துப் பன்னிரண்டு வருடப் படிப்பு தீர்மானமாகிவிடுகிறது.

நண்பரின் பதில் தவறாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அது அவர் குடும்பத்துக்கான பதில். எமிரேட்ஸின் அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கானவை. வெளிநாட்டவருக்குத் தனியார் பள்ளிதான் கதி. அவற்றில் சி.பி.எஸ்.இ. உண்டு, ஐ.சி.எஸ்.இ. உண்டு, பிரிட்டிஷ், அமெரிக்க, ஐ.பி. பாடத்திட்டங்களும் உண்டு. சாதாரண இந்தியப் பள்ளியில் வருடத்துக்குச் சில ஆயிரம் திர்ஹாம் கட்டினால் போதும். உயர்ரக ஐ.பி. பள்ளியின் மேல் வகுப்புகளில் அது ஒரு லட்சம் திர்ஹாமையும் தாண்டும். இரண்டின் வாசலிலும் 'இன்டர்நேஷனல்' என்ற பெயர்ப்பலகை தொங்கலாம்.

அந்தச் சொல்லுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1924இல் ஜெனிவாவில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது அது. அப்பா மூன்று வருடம் இங்கே, மூன்று வருடம் அங்கே என்று மாறினாலும் பிள்ளையின் படிப்பு அறுந்துபோகக் கூடாது என்ற தேவையிலிருந்துதான் 1968இல் ஐ.பி. அமைப்பும் பிறந்தது. நாடு நாடாக மாறுகிறவர்களுக்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. வளைகுடாவுக்குப் போகும் தமிழ்க் குடும்பம் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் மாறுகிறது, ஊருக்குத் திரும்பும்போது. அந்தப் பயணத்துக்கு ஐ.பி. எந்த அளவுக்கு உதவும் என்பதை யாரும் சேர்க்கையின்போது கேட்பதில்லை.

பள்ளியின் தரத்தை அறிவது அங்கே அவ்வளவு கஷ்டமில்லை. துபாயின் தனியார் பள்ளிகளை மேற்பார்வையிடும் கே.எச்.டி.ஏ. என்ற ஆணையம் 2008 முதல் பள்ளிகளை ஆய்வு செய்து, 'மிகச் சிறப்பு' முதல் 'மிகப் பலவீனம்' வரை தரம் பிரித்து அறிக்கை வெளியிட்டது. 2024-25இல் புதிய பள்ளிகள் தவிர மற்றவற்றுக்கு முழு ஆய்வு நடக்கவில்லை. ஆகவே பள்ளி பெருமையாகக் காட்டும் தரம் எந்த வருடத்துடையது என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஐ.பி. என்று சொல்லிக்கொள்ளும் பள்ளியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 'அங்கீகாரம் பெற்ற' பள்ளி வேறு, அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் 'கேண்டிடேட்' பள்ளி வேறு. விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே மின்னும்.

சின்னக் குழப்பங்களும் உண்டு. பிரிட்டிஷ் பள்ளியின் 'இயர் 2', இந்தியப் பள்ளியின் முதல் வகுப்புக்குச் சமம். பையனுக்கு டபுள் புரமோஷன் கிடைத்துவிட்டதாக ஊரில் பாட்டி பெருமைப்படுவதில் தப்பில்லை. அப்பாவும் அப்படி நினைத்துவிடக் கூடாது. இந்தியப் பள்ளிகளின் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, மற்றவற்றில் செப்டம்பரில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது சில மாதங்கள் வீணாகும், அல்லது பாதி ஆண்டில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

உண்மையான சிக்கல் ஒன்பதாம் வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது. சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஒரே படிப்பு மாதிரி. பதினொன்றும் பன்னிரண்டும் அப்படியே. பத்திலோ பன்னிரண்டிலோ நேரடியாகப் புதிய பள்ளியில் நுழைவது சுலபமல்ல. ஐ.ஜி.சி.எஸ்.இ.யும் ஐ.பி. டிப்ளமாவும் இரண்டிரண்டு வருடப் படிப்புகள். ஆனால் வேலையை விட்டு அனுப்புகிற கம்பெனி பிள்ளையின் வகுப்பைக் கேட்டுக்கொண்டு அனுப்புவதில்லை. படிப்புப் படி கொடுக்க வேண்டும் என்று அங்கே சட்டமும் இல்லை. வேலையோடு வந்தது வேலையோடு போய்விடும். ஐ.பி. பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை கம்பெனி பணத்தில் படித்த பிள்ளை, திடீரென்று திருச்சியிலோ புனேயிலோ ஒரு சி.பி.எஸ்.இ. வகுப்பில் உட்காரும் நிலை இப்படித்தான் வருகிறது. திரும்புவது தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிக்கு என்றால், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழும் கட்டாயப் பாடம். அங்கே பல பள்ளிகளில் தமிழே கிடையாது. வீட்டில் பேசத் தெரிந்த பெண்ணுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது.

பிள்ளை டாக்டராக வேண்டும் என்று நினைக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். இந்தியாவில் மருத்துவம் படிக்க, நீட் தேர்வோடு, பிளஸ் டூ அளவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் தேவை. ஐ.பி. டிப்ளமாவில் ஆறு பிரிவுகளிலிருந்து ஆறு பாடங்கள். கலைப் பிரிவைத் தள்ளிவிட்டால் இரண்டு விஞ்ஞானப் பாடங்கள் எடுக்கலாம். மூன்றாவது வேண்டுமென்றால் பள்ளி மூலமாக முன்கூட்டியே விசேஷ அனுமதி வாங்க வேண்டும். ஏ லெவலில் உயிரியல், வேதியியல், கணிதம் என்று எடுத்தவருக்கு இயற்பியல் விட்டுப்போகிறது. டிப்ளமாவை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பிளஸ் டூவுக்குச் சமமாக ஏற்கிறது என்பது உண்மைதான். ஆனால் சமமான சான்றிதழில் சரியான பாடம் இல்லாவிட்டால் பயனில்லை. முடிவுகள் வரும் தேதியும் இடிக்கும். மே மாதம் எழுதும் ஐ.பி. தேர்வின் முடிவு ஜூலையில் வருகிறது, ஏ லெவல் முடிவு ஆகஸ்டில். அதற்குள் இங்கே பல கல்லூரிகள் இடங்களை நிரப்பிவிடும்.

இன்ஜினீயரிங் பக்கம் வேறு கதை. என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் வெளிநாட்டில் படித்தவர்களுக்காக 'டாசா' என்ற திட்டம் 2001 முதல் இருக்கிறது. 2021 முதல் ஜே.இ.இ. மெயின் மதிப்பெண்தான் அளவுகோல். வளைகுடாவில் வேலை பார்ப்போரின் பிள்ளைகளுக்கு இதில் தனிப் பிரிவு உண்டு. கட்டணமும் இந்தியாவில் வசிப்போருக்கான கல்விக் கட்டணமே. நிபந்தனை ஒன்று இருக்கிறது. பதினொன்றும் பன்னிரண்டும் வெளிநாட்டிலேயே படித்திருக்க வேண்டும். கோச்சிங் நன்றாக இருக்கிறதென்று பத்தாம் வகுப்பு முடிந்ததும் பையனைக் கோட்டாவுக்கோ நாமக்கல்லுக்கோ அனுப்பிவிடும் பெற்றோர், இந்த வாய்ப்பைக் கைநழுவ விட்டது பல சமயம் விண்ணப்பம் நிரப்பும்போதுதான் தெரிகிறது.

இதனால் இந்தியப் பள்ளிதான் எல்லோருக்கும் சரி என்றாகாது. கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியேறப் போகும் குடும்பத்துக்கு, பிள்ளையை அங்கேயே கல்லூரிக்கு அனுப்பும் வசதி உள்ளவருக்கு, ஐ.பி.யும் ஏ லெவலும் கொடுக்கும் காசுக்கு மதிப்புள்ளவை. கட்டுரை எழுதி, ஆய்வு செய்து, வகுப்பில் எதிர்க்கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளை அங்கே தடுமாறுவதில்லை. எங்கே போகப்போகிறோம் என்று தெரியாத பெரும்பான்மையோர்தான் அவதிப்படுகிறார்கள். அவர்களில் பலர் கடைப்பிடிக்கும் ஒரு வழி, ஆரம்ப வகுப்புகளில் எந்தப் பள்ளியானாலும் சரி, ஏழு அல்லது எட்டாம் வகுப்பிலேயே உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது. ஒன்பதில் நுழைந்த பாடத்திட்டத்திலேயே பன்னிரண்டு வரை போவது.

முடிவெடுத்தபடியே நடந்து, ஊர் திரும்பும் நாள் வந்தால், சாமான் கட்டுவதற்கு முன் டி.சி.யைக் கையில் வாங்கிவிட வேண்டும். அங்குள்ள கல்வி அதிகாரிகள், வெளியுறவு அமைச்சகம், இந்தியத் தூதரகம் என்று முத்திரைகள் விழ வேண்டும். முத்திரை இல்லாத டி.சி.யோடு சென்னையில் இறங்கிவிட்டு, துபாயில் இருக்கும் அதே நண்பருக்கு மறுபடியும் போன் செய்கிறார்கள்.