கூரைக்கு மேலே வெயில்! கூரைக்குக் கீழே பாக்கி!

"வெயிலும் காற்றும் இறைவன் இலவசமாகத் தந்தவை. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் குறைவில்லை. அப்படியிருக்க, கரண்ட் பில் மட்டும் ஏன் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக் கொண்டே போகிறது?"

ஜவுளிக் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் பில்லை நம் முன்னால் விரித்து வைத்துக் கேட்ட கேள்வி இது. நாம் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற இளைஞர் பதில் சொல்லி விட்டார். "சோலார், காற்றாலை என்று ஆரம்பித்ததால்தான் பாய் விலையே ஏறியது. பருவநிலை மாற்றம் என்பதெல்லாம் மேல்நாட்டுக்காரன் நம்மை வளர விடாமல் தடுக்கச் செய்யும் சூழ்ச்சி."

வியாபாரியின் கேள்வி நூற்றுக்கு நூறு நியாயமானது. இளைஞரின் பதில் பாதிக்கு மேல் தவறானது. ஆனால் இன்று கடைத் தெருவிலும் டீக்கடையிலும் இந்தப் பதில்தான் வேகமாகப் பரவி வருகிறது. எனவே இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியுள்ளது.

95 சென்டிமீட்டர்!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தென் மாவட்ட மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 18ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. சென்னை மாநகரம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் மழை ஏறத்தாழ 140 செ.மீ. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில் ஒரு சிற்றூரின் தலையில் விழுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக் கொண்டது. அதிலிருந்த சுமார் 800 பயணிகளுக்குச் சுற்றுவட்டார கிராம மக்கள்தான் முதலில் சோறு போட்டார்கள். வீடுகளில் தண்ணீர், கடைகளில் தண்ணீர். வாங்கி அடுக்கிய சரக்கு நனைந்து வீணானது.

இந்த ஒரு மழையைப் பிடித்துக் கொண்டு, இது முழுக்க முழுக்கப் பருவநிலை மாற்றத்தால் வந்தது என்று அடித்துச் சொல்வது நேர்மையாகாது. பெருமழை முன்பும் பெய்திருக்கிறது. ஆனால் ஒரு கணக்கை யாராலும் மறுக்க முடியாது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால், அது தாங்கும் ஈரம் ஏறத்தாழ 7 சதவிகிதம் கூடுகிறது. கூடுதல் ஈரம் கூடுதல் மழையாகத்தான் இறங்கும். தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் உலகம் ஒரு டிகிரிக்கு மேல் சூடாகி விட்டது. 2024ஆம் ஆண்டு அந்த உயர்வு ஒன்றரை டிகிரியையே தாண்டியது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்து வெளியான கரிப்புகையே இதற்கு முதன்மைக் காரணம்.

காயல்பட்டினத்திற்கு வடக்கே தூத்துக்குடியில் 1,050 மெகாவாட் அனல் மின் நிலையம் உள்ளது. தெற்கே உடன்குடியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டைக் கொண்ட அனல் மின் திட்டம். நடுவில் இந்த ஊர். நிலக்கரி எரிப்பதால் வரும் நட்டத்தை எந்த மீட்டரும் காட்டுவதில்லை. எண்ணூரில் சாம்பல் கழிவு கொசஸ்தலையாற்றில் கலந்து மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்ததும் யாருடைய பில்லிலும் ஏறவில்லை. "நிலக்கரிதான் மலிவு" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கட்டும்.

கட்டணம் ஏன் ஏறியது?

பில்லுக்கு வருவோம்.

2014 டிசம்பருக்குப் பிறகு பெரிய அளவிலான கட்டண உயர்வு 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டு மாதத்தில் 100 யூனிட்டைத் தாண்டும் கடைகளுக்கு யூனிட் ரூ.8.05 என்பது ரூ.9.50 ஆனது. ஒரே அடியில் 18 சதவிகிதம்! நிலைக்கட்டணம் சிறிய கடைகளுக்குக் கிலோவாட்டுக்கு மாதம் 70 ரூபாயிலிருந்து 100 ரூபாயானது. கடையைப் பூட்டி வைத்தாலும் இதைக் கட்டியே தீர வேண்டும். அத்தோடு முடியவில்லை. விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஒவ்வொரு ஜூலையிலும் கட்டணம் உயர அதே உத்தரவு வழி வகுத்தது. 2023-ல் 2.18 சதவிகிதம். 2024-ல் 4.83. 2025-ல் 3.16. வீடுகளுக்கான உயர்வை 2023-லும் 2025-லும் அரசே ஏற்றுக் கொண்டது. 2023-ல் கடைக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இதற்கெல்லாம் சூரியனா காரணம்?

மின்வாரியத்தின் கடன் 2011-12-ல் 43,493 கோடி ரூபாய். 2021-22-ல் அது 1,59,823 கோடி. இது எதிர்க்கட்சி சொன்ன கணக்கல்ல. 2022-ல் கட்டண உயர்வுக்குக் காரணம் சொல்லும்போது அரசே முன்வைத்த கணக்கு. இந்தக் கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். தமிழ்நாட்டு அனல் மின் நிலையங்களுக்கான நிலக்கரி ஒடிசாவின் சுரங்கங்களிலிருந்து ரயிலேறி, பாராதீப் துறைமுகத்தில் கப்பலேறி, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறங்க வேண்டும். போதாததற்கு வெளிநாட்டு நிலக்கரி வேறு. 2022-ல் உக்ரைன் போர் மூண்டதும் அதன் விலை எங்கோ போய் விட்டது. தனியார் மின் நிலையங்களோடு நீண்ட கால ஒப்பந்தங்கள் போடப்பட்டுள்ளன. மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவர்களுக்கு நிலைக்கட்டணம் போய்ச் சேர வேண்டும். கட்டணத்தை ஏற்றாமல் பல ஆண்டுகள் ஓட்டு வாங்கிக் கொண்டு, பின்னர் மொத்தமாக மக்கள் தலையில் இறக்கிய அரசியலும் இதில் உண்டு. இந்தக் கணக்கில் வெயிலின் பங்கு எவ்வளவு?

வெயில் ஒன்று, விலை இரண்டு!

ஆம், பங்கு உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லி விடுவோம்.

இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை அதானி குழுமம் அமைத்தது. 2016-ல் அது திறக்கப்பட்டபோது, ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின் நிலையம் என்று பெருமை பேசப்பட்டது. 2015-ல் போட்ட ஒப்பந்தப்படி யூனிட்டுக்கு ரூ.7.01, அதுவும் 25 ஆண்டுகளுக்கு! அதே 2015-ல் மத்தியப் பிரதேசம் ஏலம் விட்டபோது ரூ.5.05-க்குத் தர ஆள் இருந்தது. 2017-ல் தமிழ்நாடே ஏலம் விட்டபோது விலை ரூ.3.47-க்கு இறங்கியது. அதே வெயில், அதே தமிழ்நாடு. விலை பாதி!

இதில் குற்றவாளி சூரியனா? அவசரப்பட்டு, ஏலம் விடாமல், கால் நூற்றாண்டுக்குக் கையெழுத்துப் போட்டவர்களா?

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. வாங்க வேண்டிய சூரிய மின்சாரத்தை, மின்கட்டமைப்பின் பாதுகாப்பு என்று காரணம் சொல்லி வாங்காமல் நிறுத்தி வைத்தார்கள். வழக்கு மின்சாரத்திற்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய், 2021-ல் இழப்பீடு தரும்படி உத்தரவானது. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்று சுழன்றடிக்கும் மாதங்களில் காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன கதையும் உண்டு. 1980-களின் கடைசியிலேயே காற்றாலை கண்டு, நீண்ட காலம் இந்தியாவுக்கே முதலிடத்தில் இருந்த மாநிலம் இது!

மாலை ஆறு மணிக்குப் பிறகு?

சோலாரை ஆதரிப்பவர்களும் ஓர் உண்மையை ஒத்துக் கொள்ள வேண்டும். நம் கடைத் தெருவில் வியாபாரம் சூடு பிடிப்பதே மாலை ஆறு மணிக்கு மேல்தான். அப்போது வெயில் இல்லை. காற்றோ மே முதல் செப்டம்பர் வரை அள்ளித் தரும். பிறகு படுத்து விடும். பகலில் மலிவாகக் கிடைக்கும் மின்சாரம், மாலையில் மின் சந்தையில் யூனிட் 10 ரூபாய் என்ற உச்சவரம்பைத் தொட்டிருக்கிறது. எனவே பேனலை மட்டும் பரப்பி விட்டால் மின்சாரம் மலிந்து விடும் என்பது பாதி உண்மைதான்.

மீதிப் பாதி சேமிப்பில் இருக்கிறது. இது புதிய வித்தையல்ல. கோவை மாவட்டம் காடம்பாறையில் 1980-களின் கடைசியிலிருந்தே 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி வைப்பார்கள். தேவைப்படும் நேரத்தில் அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். இதைப் போல இன்னும் பல நிலையங்களும் பெரிய பேட்டரிகளும் வர வேண்டும். இதற்குச் செலவாகும். அந்தச் செலவு யார் தலையில் விழப் போகிறது என்பதுதான் இனி வரும் ஆண்டுகளின் அரசியல்.

சூழ்ச்சியா?

மேல்நாட்டான் யோக்கியன் அல்ல. இதுவரை உலகம் வெளியிட்ட கரிப்புகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவுடையது. ஓர் இந்தியனின் சராசரிப் பங்கு உலக சராசரியில் பாதிகூட இல்லை. 2022-ல் பாகிஸ்தானில் வெள்ளம் 1,700-க்கும் மேற்பட்டோரைக் காவு கொண்டது. 3 கோடியே 30 லட்சம் மக்கள் பாதிக்கப்பட்டார்கள். உலகக் கரிப்புகையில் அந்நாட்டின் பங்கு ஒரு சதவிகிதம்கூட இல்லை. குற்றம் செய்தவன் ஒருவன், தண்டனை இன்னொருவனுக்கு. இழப்பீட்டு நிதி ஒன்று வேண்டும் என்ற ஏழை நாடுகளின் கோரிக்கைக்கு 2022 நவம்பரில் எகிப்தின் ஷர்ம் அல்-ஷேக் மாநாட்டில்தான் ஒப்புதல் கிடைத்தது. அதுவும் போராடிப் பெற்றது.

ஆகவே, "எரித்தவன் பணம் கொடு" என்று கேட்பது நம் உரிமை. ஆனால் "எரித்தவன் கெட்டவன், எனவே நெருப்பே பொய்" என்று சொல்வது என்ன வாதம்? எண்ணெய்க் கிணறுகளின் மேல் உட்கார்ந்திருக்கும் நாடுகளே என்ன செய்கின்றன? துபையில் பாலைவனத்தில் சூரியப் பூங்கா. அபுதாபியில் 2019-ல் திறக்கப்பட்ட நூர் நிலையம். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இவற்றை நேரில் பார்த்திருக்கிறார்கள். எண்ணெய் விற்பவனே வெயிலில் முதலீடு செய்கிறான். நாம் மட்டும் சூழ்ச்சி என்று பேசிக் கொண்டிருக்கலாமா?

நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலில் வீட்டுக்காரர்கள். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த கூரைச் சூரிய மின் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், இரண்டுக்கு 60 ஆயிரம், மூன்றும் அதற்கு மேலும் போட்டால் 78 ஆயிரம் ரூபாய் மானியம் என்று வைக்கப்பட்டது. ஒரு கிலோவாட் பேனல் நம் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்? படித்த இளைஞர்கள் மஹல்லாவுக்கு இருவர் முன்வந்து, விண்ணப்பம் போடுவதற்குப் பெரியவர்களுக்கு உதவலாமே!

இரண்டாவது, கடைக்காரர்கள். இந்த மானியம் வீடுகளுக்காக வைக்கப்பட்டது, கடைகளுக்கு அல்ல. நம் வியாபாரிகளில் பலர் வாடகைக் கடையில் இருப்பவர்கள், கூரை இன்னொருவருடையது. ஆனாலும் கையைக் கட்டிக் கொண்டிருக்கத் தேவையில்லை. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கிறது. இப்போது கிடைக்கும் பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். பத்து விசிறி பத்து மணி நேரம் ஓடும் கடையில் நாளொன்றுக்கு நான்கரை யூனிட் மிச்சம். மாதம் 135 யூனிட். 2022-ன் ரூ.9.50 விலையிலேயே போட்டாலும் 1,280 ரூபாய்க்கு மேல். ஒரு கிலோவாட் பேனல் தருவதைவிட அதிகம்! பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நாமே, திருமணம் என்று வந்து விட்டால் மூன்று நாள் தெருவெல்லாம் சீரியல் விளக்கு போடுகிறோம். அதையும் சற்று யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, உரிமைக் குரல். ஒரே கட்டடத்தின் கூரையில் பேனல் போட்டு, அதன் மின்சாரத்தைப் பல நுகர்வோரின் பில்லில் பங்கு பிரித்துக் கழிக்கும் முறைக்கு டில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வழி செய்தது. இங்கும் அது எல்லோருக்கும் கிடைத்தால், வக்ஃபு கட்டடங்களில் வரிசையாகக் கடை வைத்திருக்கும் வாடகைதாரர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி! சிறு வணிகர்களுக்கும் கூரை மானியம் கேட்க வேண்டும். ரூ.7.01 போன்ற ஒப்பந்தங்கள் இனி ஏலமில்லாமல் போடப்படக் கூடாது என்று கேட்க வேண்டும்.

கேட்டால் கிடைக்குமா? 2023-ல் சிறு தொழில் சங்கங்கள் ஒன்று கூடிக் கதவடைத்துப் போராடின. அதன் பிறகு, அவர்கள் கூரையில் தயாரிக்கும் சூரிய மின்சாரத்துக்கான வலையமைப்புக் கட்டணம் பாதியாகக் குறைக்கப்பட்டது. சங்கமாகச் சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தது. தனித்தனியாகப் புலம்பியவர்களுக்கு என்ன கிடைத்தது?

2022 ஆகஸ்டில் கட்டண உயர்வு குறித்து ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் கருத்துக் கேட்புக் கூட்டங்களை நடத்தியது. பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். எழுத்து மூலமும் ஆட்சேபிக்கலாம். அந்தக் கூட்டங்களுக்கு நம் வணிகர் சங்கங்களிலிருந்து எத்தனை பேர் போனோம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும். ஈ.பி. ஆபீஸ் கவுண்டரில் பணம் கட்டும்போது முணுமுணுப்பது எந்தக் குறிப்பிலும் ஏறாது. ஆணையத்தின் முன் எழுதிக் கொடுக்கும் ஒரு பக்க மனு பதிவாகும். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எனவே சகோதரர்களே, அடுத்த கருத்துக் கேட்புக்கு அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஊருக்கு ஐந்து பேர் இப்போதே உட்காருங்கள். உங்கள் கடைத் தெருவின் ஓராண்டு பில்களைத் திரட்டுங்கள். எத்தனை யூனிட், எவ்வளவு நிலைக்கட்டணம், எத்தனை மணி நேரம் மின்தடை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு அந்த அரங்கில் எழுந்து நில்லுங்கள்.